தொன்னாரா, அல்மட்ராபா: மத்தியதரைக் கடலின் சூரைப் பொறிவலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியில் தொன்னாரா, ஸ்பெயினில் அல்மட்ராபா, பிரான்ஸில் மட்ராக் என்று ஊருக்கு ஒரு பெயர் இருந்தாலும் வேலை ஒன்றுதான். கடலில் வலையால் அறைகள் கட்டி, வலசை போகும் பெரிய சூரை மீன்களை உள்ளே வரவைப்பது. இதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பெரும்பாலான கேள்விகள் மீனைக் கொல்லும் அந்த ஒரு நாளைப் பற்றியே இருக்கும். உண்மையான வேலை அதற்குப் பல மாதம் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

தொன்னாரா என்பது வலையா, கட்டடமா? ஒரு இடத்தில் வலைன்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்தில் ஹோட்டல்னு போட்டிருக்கு.

இரண்டும்தான். கடலில் நிற்கும் பொறிவலைக்கும் தொன்னாரா என்றே பெயர். கரையில் படகு, நங்கூரம், கயிறு எல்லாம் வைக்கவும் மீனை வெட்டி வேகவைக்கவும் இருந்த கட்டடத் தொகுதிக்கும் அதே பெயர். சிசிலிக் கரை நெடுக இப்படிப்பட்ட கட்டடங்கள் நிற்கின்றன. வலை போடுவது நின்றுபோன இடங்களில் சில விடுதியாகவும் சில அருங்காட்சியகமாகவும் மாறிவிட்டன. இந்தப் பக்கத்தில் தொன்னாரா என்றால் கடலில் நிற்கும் வலையைத்தான் சொல்கிறோம்.

இது நம்ம ஊர் சூரைதானா?

குடும்பம் ஒன்று, மீன் வேறு. நம் சந்தையில் சூரை என்று வருவதில் பெரும்பகுதி சில கிலோ எடையுள்ள சிறிய இனங்கள். தொன்னாராவில் பிடிபடுவது அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை, ஆங்கிலப் பெயரில் புளூஃபின். 3 மீட்டர் நீளமும் 600 கிலோவுக்கு மேல் எடையும் எட்டக்கூடிய மீன். பொறிவலையில் வழக்கமாக வருவது 150 முதல் 250 கிலோ வரை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு, பிறகு வரும் பதில்களுக்கு அது தேவைப்படும். இந்த மீனின் உடல் சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். தசையில் உண்டாகும் சூடு செவுள் வழியே வெளியேறிவிடாதபடி ரத்தக் குழாய்கள் பின்னல்போல் அமைந்து அதைத் திருப்பி உள்ளேயே அனுப்புகின்றன. அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீரிலும் இரை தேடி, வெதுவெதுப்பான மத்தியதரைக் கடலில் முட்டையிட வர இதனால்தான் முடிகிறது.

மீன் தானா வந்து ஏன் மாட்டுது? இரை எதுவும் வைப்பாங்களா?

இரை கிடையாது. மீன் வருவது முட்டையிட. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை அட்லாண்டிக்கிலிருந்து ஜிப்ரால்டர் நீரிணை வழியாகக் கூட்டங்கூட்டமாக உள்ளே நுழைந்து, பலேயாரிக் தீவுகள், சிசிலியைச் சுற்றிய கடல், மால்டா பக்கம், கிழக்கே சைப்ரஸ் பக்கம் என்று பிரிந்து போகும். மேல்நீர் சுமார் 24 டிகிரிக்குச் சூடாகும்போது முட்டையிடும்.

போகும் வழியில் சில இடங்களில் கூட்டம் கரையை ஒட்டி வரும். அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி ஒரு நீண்ட தடுப்பு வலை நிற்கிறது. ஒரு கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். இத்தாலியர்கள் இதை வால் என்பார்கள். எதிரே சுவர்போல் ஒன்று தெரிந்ததும் சூரை அதை முட்டாது. ஆழம் உள்ள பக்கம் திரும்பி, வலையை ஒட்டியே நீந்தும். ஆழத்துக்குப் போனால் தப்பிக்கலாம் என்பது அதன் இயல்பு. அந்த இயல்பு கொண்டுபோய் விடும் இடத்தில்தான் பொறியின் வாசல் இருக்கிறது.

இருநூறு கிலோ மீன் வலையைக் கிழிச்சிட்டுப் போகாதா?

நினைத்தால் கிழிக்கலாம். தடுப்பு வலையின் கண்கள் மிகப் பெரியவை, நூலும் மீனைத் தாங்கும் அளவுக்குக் கட்டப்பட்டதல்ல. ஆனால் வலையை முட்டிக் கடப்பது சூரையின் வழக்கத்தில் இல்லை. இந்தப் பொறி பாதிக்கு மேல் மீனின் கூச்சத்தில்தான் நிற்கிறது. வலுவான வலை கடைசி அறைக்கு மட்டும்தான்.

கூட்டம் மிரண்டால் கதை மாறும். சுறாவோ ஓர்க்காத் திமிங்கலமோ பின்னால் வந்தால் சூரை எதையும் பார்க்காது, வலையோடு போய்விடும். ஜிப்ரால்டர் பக்கத்து ஓர்க்காக்கள் சூரை வரும் பருவத்தில் அங்கேயே சுற்றும்.

எத்தனை அறை இருக்கும்? ஒவ்வொரு அறையிலும் மீன் பிடிப்பாங்களா?

இடத்தைப் பொறுத்து நான்கிலிருந்து ஏழு வரை. எல்லாம் சேர்ந்த செவ்வகப் பகுதிக்கு சிசிலியில் தீவு என்று பெயர். சில நூறு மீட்டர் நீளம் இருக்கும். அறைக்கு அறை ஒரு கதவு: மேலே இழுத்தால் மூடும், தளர்த்தினால் அடியில் படிந்து வழிவிடும் ஒரு வலைத்துண்டு, அவ்வளவுதான்.

முன்னறைகள் மீனைப் பிடிப்பதற்கல்ல, வைத்திருக்க. அவற்றுக்குச் சுவர் உண்டு, தரை கிடையாது. வலையின் அடி கடலடியில் படிந்து நிற்கும், கடல் மணலே தரை. கடைசி அறைக்கு மட்டும் அடியிலும் வலை உண்டு. சுவரும் தரையும் சேர்ந்த பெரிய பைபோல் இருக்கும், கண்கள் நெருக்கமாகவும் கயிறு தடிமனாகவும் இருக்கும். இத்தாலியில் இதன் பெயர் மரண அறை. ஸ்பெயினில் கோப்போ.

உள்ளே வந்த மீன் வந்த வழியே திரும்பாதா என்றும் கேட்பார்கள். அறைக்குள் வந்த கூட்டம் வட்டமடிக்கும். வாசலின் இரு ஓரமும் உள்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் சுவரை ஒட்டி வரும் மீன் வாசலைத் தாண்டிப் போய்விடும். சில மீன்கள் திரும்பிப் போவதும் உண்டு. அதனால்தான் கூட்டம் வந்ததும் அடுத்த அறைக்குத் தள்ளிக் கதவை மூடுகிறார்கள்.

நடுக்கடலில் இவ்வளவு பெரிய வலையை எப்படி நேரா நிக்க வைக்கிறாங்க?

தொன்னாராவின் திறமை முழுக்க இங்கேதான். வேலை கடலில் தொடங்குவதில்லை. குளிர்காலத்திலேயே கரையில் வலைகள் பழுது பார்க்கப்பட்டு, இந்தத் துண்டு இந்த இடத்துக்கு என்று அளந்து தைக்கப்படும். ஆழம் பெரும்பாலும் 20 முதல் 40 மீட்டர். ஆனால் கடலடி சமமாக இருக்காது. ஒரு சுவரின் ஒரு முனையில் ஆழம் 25 மீட்டர், மறுமுனையில் 31 என்றால், வலையின் உயரமும் அப்படியே சரிந்து கூட வேண்டும். ஆழத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தைத்து, அடி ஓரம் தரையில் மடிந்து கிடக்கும்படி விடுவார்கள். குறைத்துத் தைத்தால் அடியில் இடைவெளி விழும். ஒரு மீன் அந்த இடைவெளியைக் கண்டுகொண்டால் போதும், கூட்டம் முழுக்க அதன் பின்னால் போய்விடும்.

கடலில் முதலில் போவது வலை அல்ல, கயிறு. கரையில் உள்ள குறிகளை வைத்து (ஒரு தேவாலயக் கோபுரம் ஒரு பாறைக்கு நேராக வரும் இடம், இப்படி) கோடு பிடித்து, தீவின் இரு பக்கமும் நீண்ட வடங்களை மிதவையோடு விரிப்பார்கள். இப்போது அவை எஃகு வடங்கள். பிறகு நங்கூரங்கள். ஒரு பொறிக்கு நூற்றுக்கணக்கில் போகும், ஒவ்வொன்றும் சில நூறு கிலோ. வடத்தின் ஒரு பக்கத்தில் ஒன்று போட்டால் எதிர்ப்பக்கத்திலும் ஒன்று போட்டு, இரண்டும் ஒன்றையொன்று இழுத்து நிற்கும்படி செய்வார்கள். நீரோட்டம் அடிக்கும் பக்கத்திலும் மரண அறையைச் சுற்றியும் நெருக்கமாகப் போடுவார்கள்.

வலை கடைசியில்தான் வரும். மேல் ஓரத்தை வடத்தில் கட்டி, கீழ் ஓரத்தில் சங்கிலியோ கல்லோ கோத்து இறக்குவார்கள். ஸ்பெயினின் தெற்கே காதிஸ் கரையில் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கும் இந்த வேலை ஏப்ரல் கடைசியில் முடியும். பருவம் முடிந்ததும் இத்தனையையும் எடுத்துவிட வேண்டும். போர்ச்சுகலில் தவிரா ஊருக்கு அருகே பாரில் கடற்கரையில் கைவிடப்பட்ட ஒரு பொறியின் நங்கூரங்கள் மணல் மேட்டில் வரிசையாகத் துருப்பிடித்து நிற்கின்றன. ஒரு பொறிக்கு எவ்வளவு இரும்பு தேவை என்பதைப் படத்தில் பார்க்க விரும்பினால் அந்த வரிசையைப் பாருங்கள்.

நைலான் வராத காலத்தில் வலை எதில் செஞ்சாங்க?

எஸ்பார்ட்டோ என்ற புல், சணல், பிற்காலத்தில் தென்னை நார். மத்தியதரைக் கரையில் தென்னை கிடையாது, ஆனால் கயிறு வந்தது. உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்தாலும் தென்னை நார் சீக்கிரம் மட்காது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விலையும் மலிவு.

இன்றும் இதைப் பார்க்கலாம். இத்தாலியில் ஜெனோவாவுக்குக் கிழக்கே கமோலி என்ற ஊரில் ஒரு சிறிய பொறி, தொன்னரெல்லா, ஒவ்வொரு ஆண்டும் தென்னை நார்க் கயிற்றில் கையால் வலை பின்னித்தான் போடப்படுகிறது. பருவம் முடிந்ததும் அதை வெட்டிக் கடலில் விட்டுவிடுகிறார்கள், மட்கிவிடும். அங்கே குறி பெரிய சூரை அல்ல, சிறிய இனங்களும் மற்றக் கரையோர மீன்களும்.

ராயிஸ் யார்? முதலாளியா?

இல்லை. முதலாளி கரையில் இருப்பார். ராயிஸ் கடலில் தலைவர். அரபுச் சொல், பொருளும் அதுதான். எங்கே போடுவது, எந்தக் கோணத்தில் போடுவது, எப்போது கதவு திறப்பது, எந்த நாள் தூக்குவது என எல்லாவற்றுக்கும் ஒரே குரல். சிசிலியில் ராயிஸுக்கென்று தனியாக ஒரு சின்னப் படகு உண்டு, பெயர் முச்சாரா. அதில் போய் வலைமேல் நின்று, அடியில் கண்ணாடி பதித்த பெட்டியைத் தண்ணீரில் அழுத்தி உள்ளே பார்ப்பார். அலையின் மினுமினுப்பு மறைந்து, வட்டமடிக்கும் முதுகுகள் தெரியும். எண்ணிக்கை அப்படித்தான். இப்போது முக்குளிப்பவர் இறங்கிப் பார்க்கிறார், கேமராவும் இருக்கிறது.

மத்தன்சா அன்னைக்கு என்னதான் நடக்கும்?

மத்தன்சா என்றால் கொலை என்றே பொருள், ஸ்பானிய வேரிலிருந்து வந்த சொல். சிசிலியின் மேற்கே உள்ள ஃபவிஞானா தீவில் நடந்த முறையைச் சொல்கிறோம். முந்தைய அறைகளில் மீன் சேர்ந்ததும், காற்றும் நீரோட்டமும் தணிந்த ஒரு காலைக்காகக் காத்திருப்பார்கள். மரண அறைக்குள் மீனை விட்டுக் கதவை மூடி, நீண்ட படகுகளை நாலு பக்கமும் சதுரமாக நிறுத்துவார்கள். ஒரு பக்கத்துப் படகிலிருந்து ஆட்கள் அடிவலையைப் பிடிபிடியாக இழுத்துச் சுருட்டிக்கொண்டு எதிர்ப்படகை நோக்கி வருவார்கள். இழுப்பதற்குத் தாளமாகப் பாட்டு: ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பதில் சொல்வது. நம் கரைவலை இழுக்கும் பாட்டைப் போலத்தான்.

தரை மேலே வர வர ஆழம் குறையும். ஒரு மணி நேரத்தில் மீன்கள் மேல்மட்டத்தில் வந்து புரளும், தண்ணீர் கொதிப்பதுபோல் ஆகிவிடும். அங்கே எட்டுப்பேர் கொண்ட குழுக்கள் கொக்கிகளோடு நிற்பார்கள். நீளக்கொக்கிக்காரர் மீனைப் படகோரம் இழுப்பார், குட்டைக்கொக்கிக்காரர்கள் தூக்குவார்கள். 200 கிலோ மீனைத் தூக்குவது முழுக்க மனித பலம் அல்ல. மீன் துள்ளும் நொடியில் அந்த வேகத்தையே பயன்படுத்தி விளிம்புக்கு மேல் உருட்டுவதுதான் வித்தை. தவறான நொடியில் இழுத்தால் வால் அடிக்கும். அந்த அடியில் கை முறியும்.

இப்பவும் கொக்கி போட்டுத்தான் கொல்றாங்களா?

ஸ்பெயினில் பெரும்பாலும் இல்லை. மாற்றத்துக்குக் காரணம் இரக்கத்தைவிட இறைச்சி. போராடும் சூரையின் தசை இன்னும் சூடாகும் (உடல் சூட்டைப் பற்றி மேலே சொன்னது இதற்காகத்தான்), லாக்டிக் அமிலம் சேரும், சிவந்த சதை வெளிறிக் குழகுழப்பாகும். வெந்ததுபோல் தெரியும் அந்தச் சதையை ஜப்பானில் யாக்கே என்பார்கள், அதாவது கருகல். பச்சையாகச் சாப்பிடும் சந்தையில் அதற்கு விலை இல்லை. டப்பாவில் எண்ணெயில் அடைத்த காலத்தில் யாரும் இதைக் கவனிக்கவில்லை.

ஜப்பானிய வாங்குவோர் வந்த பிறகு எல்லாமே குளிர், வேகம், ரத்தம் வடித்தல் என்று ஆனது. இப்போது முக்குளிப்பவர் கம்பு நுனியில் தோட்டா பொருத்திய கருவியால் நீருக்கடியிலேயே தலையில் ஒரே அடியில் கொல்கிறார். உடனே ரத்தம் வடித்து, பனிக்கட்டிக் குழம்பில் போட்டு, வெட்டி, மைனஸ் 60 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். ஒரு நாளில் எத்தனை மீன் வெட்ட முடியுமோ அத்தனையை மட்டும் எடுத்து, மற்றதை வலையிலேயே உயிரோடு விட்டுவைக்கலாம். பெரும்பாலான பெரிய மீன்பிடி முறைகளில் இந்த வசதி இல்லை.

கடல் சிவக்கிற படத்தைப் பார்த்தேன். இது கொடுமை இல்லையா?

பழைய முறையில் மீன் பல நிமிடம் துடித்துத்தான் செத்தது. அதை மழுப்ப வேண்டாம். ஆனால் நீண்ட தூண்டில் வரியில் மணிக்கணக்கில் தொங்கும் மீனையும், கூட்டத்தையே சுற்றி வளைக்கும் சுருக்குமடியில் நெரிபடும் மீனையும் யாரும் படம் எடுப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மத்தன்சா கண்ணுக்குத் தெரிந்ததால் கெட்ட பெயர் வாங்கியது. ஃபவிஞானாவில் கடைசிக் காலத்தில் மீனைவிடப் பார்வையாளர்களே அதிகம்.

போகிற மீன், திரும்புகிற மீன் என்று விலை வித்தியாசம் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. மே மாதம் உள்ளே போகும் மீன் முட்டையிடுவதற்கான கொழுப்போடு போகிறது. ஜூலை, ஆகஸ்டில் வெளியே வருவது முட்டையிட்டு இளைத்து வருகிறது. ஸ்பெயினில் முதலாவதை நேர்வழி, இரண்டாவதை மறுவழி என்ற பொருளில் அழைப்பார்கள். பொறியின் வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை வைத்துப் பொறிக்கும் அதே பெயர்கள் உண்டு. காதிஸில் இன்று நடப்பது நேர்வழிப் பொறிதான். சினை எடுத்து உப்பிட்டு அழுத்திச் செய்யும் பொத்தார்காவும் போகும் மீனில்தான் கிடைக்கும்.

என்னவெல்லாம் தப்பாகப் போகும்?

முதல் எதிரி நீரோட்டம். வேகம் கூடினால் செங்குத்தாக நிற்க வேண்டிய வலை பாவாடைபோல் சாய்ந்து தூக்கிக்கொள்ளும். அடியில் வழி திறந்துவிடும், அல்லது கதவு வலைகள் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். ஜிப்ரால்டர் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்களில் வலை தூக்கவே முடியாது. ஓதம் தணியும் நாட்களில், அதுவும் நீர் திரும்பும் அந்தக் குறுகிய இடைவேளையில்தான் தூக்குவார்கள். கீழைக்காற்று தொடர்ந்து அடித்தால் வாரக்கணக்கில் வேலை நிற்கும்.

அடுத்தது பாசி. மே மாத வெயிலில் வலையில் பாசி பிடித்தால் கனம் கூடும், நீரோட்டம் பிடித்துத் தள்ளும் பரப்பும் கூடும். ஒரு நங்கூரம் நழுவினால் பக்கத்து நங்கூரத்துக்குச் சுமை ஏறி வரிசையாக நழுவும். பிறகு கப்பல், படகு இரைச்சல், கலங்கிய தண்ணீர். கூட்டம் கரையை விட்டு ஆழக்கடலோடு போய்விட்டால் வலை பிசகில்லாமல் நின்றாலும் பயன் இல்லை. மீனைத் தேடிப் போக இந்தப் பொறிக்குக் கால் கிடையாது.

வேறு மீன், ஆமை மாட்டினால்?

மாட்டும். வாள்மீன், சிறிய சூரை இனங்கள், சூரியமீன், எப்போதாவது சுறா. பெரிய கண் உள்ள வலையில் சிறிய மீன் தங்காது. அறைக்குள் வந்தவை உயிரோடு நீந்திக்கொண்டிருப்பதால் வெளியே விடலாம். கமோலியில் சூரியமீனை எடுத்துக் கடலிலேயே விடுவார்கள். குறைந்தபட்ச அளவுக்குக் கீழான சூரைக்கும் இதே வழி. நீலத்துடுப்புச் சூரைக்கு அந்த அளவு பொதுவாக 30 கிலோ அல்லது 115 சென்டிமீட்டர். பெரிய மீன்களே வலசை வருவதால் பொறியில் இந்தப் பிரச்சினை குறைவு.

ஒரு மீனை எப்படி வெட்டுவாங்க? நம்ம மாசி மாதிரி ஏதாவது செய்வாங்களா?

ஸ்பெயினில் வெட்டும் கலைக்கு ரொங்கேயோ என்று பெயர். குறட்டை என்ற சொல்லிலிருந்து வந்தது. கத்தி முதுகெலும்பை உரசிக்கொண்டு போகும்போது எழும் கரகர ஓசைக்காக. தலையை எடுத்து, முதுகில் இரண்டு, வயிற்றில் இரண்டு என்று நான்கு பாளமாகப் பிரிப்பார்கள். வயிற்றின் கொழுத்த பகுதி வெந்த்ரெஸ்கா, பிடரியில் இருக்கும் கொழுப்புக் கட்டி மொர்ரீயோ. விலை உயர்ந்தவை இவை. ஒல்லியான முதுகுச்சதையை நீளமாகக் கீறி, ஓரிரு நாள் உப்பில் வைத்து, கழுவி, காற்றில் இரண்டு மூன்று வாரம் உலர்த்தினால் மொஹாமா.

மாசியோடு ஒப்பிடலாம், ஆனால் ஒன்றல்ல. மாசி அவித்து, புகையிட்டு, காய வைப்பது. கட்டைபோல் ஆகும், இடித்துப் போடுவோம். மொஹாமாவை அவிப்பதில்லை. கருஞ்சிவப்பாக, கத்தியில் மெல்லிசாகச் சீவும் பதத்தில் இருக்கும். அப்படியே ஆலிவ் எண்ணெய் விட்டுச் சாப்பிடுவார்கள்.

இது அரேபியர் கண்டுபிடிப்பா?

சொற்கள் அரபு: ராயிஸ், அல்மட்ராபா (அடிக்கும் இடம் என்று பொருள்), மொஹாமாவும்கூட. ஆனால் தொழில் அதற்கும் பழையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கவிஞர் ஒப்பியன், வாசல்களும் காவலும் உள்ளறைகளும் கொண்ட நகரம்போல் வலைகளை நிறுத்திச் சூரை பிடிப்பதை விவரிக்கிறார். ஸ்பெயினில் தரீஃபா அருகே ரோமானிய ஊரான பைலோ கிளாவுதியாவில் மீனை உப்பிட்ட கல்தொட்டிகளை இன்றும் பார்க்கலாம். அதற்கும் முன்பே ஃபினீசியர்கள் காதிஸிலிருந்து உப்பு மீன் விற்றார்கள். அறைப்பொறி எந்த நூற்றாண்டில் இன்றைய வடிவத்துக்கு வந்தது என்று ஒரு தேதி சொல்பவர்களைக் கொஞ்சம் சந்தேகியுங்கள்.

ஃபவிஞானாவுக்குப் போனால் மத்தன்சா பார்க்கலாமா?

முடியாது. அங்கே கடைசி மத்தன்சா 2007இல். 1874இல் சிசிலித் தொழிலதிபர் இக்னாசியோ ஃப்ளோரியோ ஃபவிஞானாவையும் பக்கத்துத் தீவுகளையும் வாங்கி, சூரையை வேகவைத்து எண்ணெயில் டப்பா அடைக்கும் பெரிய ஆலையைக் கட்டினார். அந்த ஆலை இப்போது அருங்காட்சியகம். படகுகளும் நங்கூரங்களும் செம்பு அண்டாக்கள் இருந்த அடுப்புகளும் இருக்கின்றன. 1859இல் ஒரே பருவத்தில் 10,159 சூரை பிடிபட்டதாக அங்கே ஒரு கல்வெட்டு சொல்கிறது.

வேலை செய்யும் பொறிகள் வேண்டுமென்றால் சர்தீனியாவின் தென்மேற்கில் கார்லோஃபோர்த்தே, போர்த்தோஸ்கூசோ பக்கம். ஸ்பெயினில் கோனில், பர்பாத்தே, சாரா, தரீஃபா. மொராக்கோவின் அட்லாண்டிக் கரையிலும் உண்டு. நுணுக்கமாகச் சொன்னால் கோனிலும் பர்பாத்தேயும் மத்தியதரைக் கடலில் இல்லை, அதன் வாசலுக்கு வெளியே இருக்கின்றன. மீன் முதலில் வருவதும் அங்கேதான்.

மீன் குறைஞ்சதுக்கு இந்தப் பொறிகளும் காரணம்தானே?

மிகச் சிறிய அளவில். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடந்த தொழில் அது. 1980களிலிருந்து பெரிய சுருக்குமடிக் கப்பல்கள், மீனைத் தேட விமானம், 1990களில் உயிரோடு பிடித்துக் கூண்டில் கொழுக்க வைக்கும் பண்ணைகள் என்று வந்தபோதுதான் நிலைமை கவிழ்ந்தது. நம் கரையில் சுருக்குமடியைப் பற்றி நடக்கும் வாக்குவாதம் தெரிந்தவர்களுக்கு இது புரியும்: அது கூட்டத்தைத் தேடிப் போய்ச் சுற்றி வளைக்கும், பொறி, வந்ததை மட்டும் எடுக்கும். வழியிலேயே மீன் வளைக்கப்பட்டதால் சிசிலிப் பொறிகளுக்கு வந்து சேரும் மீன் குறைந்தது.

அட்லாண்டிக் சூரைகளுக்கான சர்வதேச ஆணையம், சுருக்கமாக ஐகாட், 2006இல் மீட்புத் திட்டம் ஒன்றை ஏற்றது. கிழக்கு அட்லாண்டிக்கும் மத்தியதரைக் கடலும் சேர்ந்து ஓர் ஆண்டில் பிடிக்க அனுமதித்த மொத்த ஒதுக்கீடு 2007இல் 29,500 டன்னாக இருந்தது 2011இல் 12,900 டன்னுக்கு இறங்கியது. மீன் திரும்பியது. 2020இல் 36,000 டன், 2023இல் 40,570 டன். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் 2011இல் அழியும் அபாயத்தில் உள்ளதாகக் குறிக்கப்பட்ட இந்த இனம் 2021இல் குறைந்த கவலைப் பிரிவுக்கு மாற்றப்பட்டது.

மீன் திரும்பிடுச்சுன்னா பழைய தொன்னாராக்களை ஏன் மறுபடி போடலை?

ஒதுக்கீடு நாடுகளுக்குள் பிரிந்து, அங்கே கப்பல், தூண்டில் வரி, பொறி என்று மறுபடி பிரியும். பெரிய பங்கு சுருக்குமடிக் கப்பல்களுக்கு. ஒரு பொறியை நிறுத்த ஆகும் செலவோ, 10 மீன் பிடித்தாலும் 1,000 பிடித்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: அதே நங்கூரம், அதே வடம், அதே ஆட்கள், அதே மூன்று மாதம். சில டன் ஒதுக்கீட்டுக்கு அந்தச் செலவு கட்டாது. ஒதுக்கீடு முடிந்த நாளில் வலை நிறைய மீன் இருந்தாலும் கதவைத் திறந்து விட்டாக வேண்டும். இதைக் கண்காணிக்கும் அலுவலர் ஒருவர் பொறியிலேயே இருப்பார். ஒவ்வொரு மீனுக்கும் பிடிபட்டதிலிருந்து விற்கும்வரை ஆவணம் உண்டு.

ஆட்கள் இன்னொரு சிக்கல். பொறி நின்று பத்து, பதினைந்து ஆண்டு ஆகிவிட்டால் எந்தக் குறிக்கு நேராக எந்த நங்கூரம் என்று தெரிந்தவர்கள் மிஞ்சுவதில்லை.

டோக்கியோவில் ஒரு மீன் பல கோடிக்குப் போனதே, அது இதுதானா?

இல்லை. 2019 ஜனவரியில் 278 கிலோ மீன் 33.36 கோடி யென்னுக்குப் போனது பசிபிக் நீலத்துடுப்புச் சூரை, வேறு இனம். அதுவும் புத்தாண்டின் முதல் ஏலம்; விளம்பரத்துக்காக ஏற்றப்படும் விலை. அதை வைத்து பர்பாத்தே மீனவரின் வருமானத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

யாழ்ப்பாணத்து சிறகுவலையும் இதே தத்துவம்தானே?

தத்துவம் அதேதான், தொடர்பு இல்லை. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் கம்புகள் நட்டுச் சிறகுபோல் வலையை விரித்து, அதை ஒட்டி வரும் இறாலையும் மீனையும் ஒரு அறைக்குள் சேர்ப்பார்கள். அந்தச் சிறகு செய்வதைத்தான் இங்கே வால் செய்கிறது. வித்தியாசம் ஆழம். இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் கம்பு நிற்கும். 30 மீட்டரில் நிற்காது. கம்பு நிற்காத இடத்தில்தான் வடமும் மிதவையும் அத்தனை நங்கூரங்களும் தேவைப்படுகின்றன.